இயலாமைக்கு யார் சாட்சி?

அரசாங்கம் தர மறுத்த ஓர் உதவித்தொகையை மீண்டும் கேட்டு மேன்முறையீடு செய்வது இரப்பதாகுமா, உரிமை கேட்பதாகுமா? மார்க்கம் படித்தவர்களிடம் கேட்டால் கையேந்துவதன் இழிவைப் பற்றிச் சொல்வார்கள். சட்டம் படித்தவர்களிடம் கேட்டால் பிரசையின் உரிமையைப் பற்றிச் சொல்வார்கள். அங்கவீனமுற்ற ஒருவரின் கட்டிலருகே உட்கார்ந்து அந்த மனுவை எழுதுகிறவனுக்கு இரண்டு பதிலுமே அரைகுறையாகத் தெரிகின்றன. அவனுக்கு முன்னால் நிற்கும் கேள்வி வேறு. இந்த மனிதரின் இயலாமையை யார் சொல்வது? எப்படிச் சொல்வது? எவ்வளவு சொல்வது?

நான் மாத்தளை மாவட்டத்து மலைக்கிராமமொன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து ஊர் திரும்பிய காலந்தொட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, காணி உறுதியில் எல்லைத் தகராறு, வெளிநாடு போன மகளின் சம்பளப் பாக்கி என்று பலதும் வரும். 2023க்குப் பிறகு வருகிறவர்களிற் பெரும்பாலோர் ஒரே விஷயத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். "சேர், எங்கட பேர் லிஸ்ட்ல இல்லயாம். அப்பீல் ஒண்டு எழுதித் தாங்களே."

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கைகொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில், 1995 முதல் நடந்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 'அஸ்வெசும' வந்தது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டமே இதற்கு அடிப்படை. வீடு வீடாகக் கணக்கெடுத்து, கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளில் 22 சுட்டிகளைக் கொண்டு வறுமை அளக்கப்பட்டது. அங்கவீனமுற்றோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் மாதம் 5,000 ரூபா என வைத்தார்கள். அது 2024இல் 7,500 ஆகவும், 2025 ஏப்ரலில் 10,000 ஆகவும் உயர்ந்தது. குடும்பங்களின் பட்டியல் ஒட்டப்பட்டதும் மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் 2023 ஜூலை 10வரை தவணை தந்தார்கள். அந்தச் சில வாரங்களுக்குள் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. சிறியதொரு நாட்டில் இது சாதாரணமான எண்ணிக்கையல்ல. இத்தனை குடும்பங்கள் தங்கள் கஷ்டத்தைத் தாங்களே எழுதி, அல்லது என்னைப் போன்ற ஒருவனைக் கொண்டு எழுதுவித்து, ஓர் அலுவலகத்தின் முன்னால் வைத்திருக்கின்றன.

*

எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவராதலால் நானா என்றே அவரை அழைப்பேன். 2008இல் கராம்பு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சில வருடங்கள் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு, கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி வில்லையை நெற்றியிற் கட்டிக்கொண்டு, கைபேசி திருத்தப் பழகினார். ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபா கிடைத்தால் அடுத்த நான்கு நாளைக்கு ஒன்றும் கிடைக்காது. முதுகிற் புண் வந்தால் மாதக்கணக்கில் பலகையையே தொட முடியாது. மூத்திரக் குழாய் மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நான்கு பேர் அவரைத் தூக்கிப் படியிறக்கி ஓட்டோவில் ஏற்ற வேண்டும். மனைவி கூலிக்கு மிளகு பறிக்கிறார்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது விசாரிக்க ஒருவர் வந்தார். பலகையில் நான்கு கைபேசிகள் கழற்றிக் கிடந்தன. "தொழில் செய்றீங்களா?" என்று கேட்டார். நானா உற்சாகமாகச் சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ், சும்மா இருக்கல்ல." சில மாதங்களுக்குப் பின் மறுப்பு வந்தது. சிங்களத்தில் ஒரே வரி. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

நான் மேன்முறையீடு எழுதப் போன அன்று மனைவி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "ஃபோன் வேல செய்றத எழுதாதீங்க சேர். ஒண்டும் ஏலாது, சும்மாதான் கெடக்கிறாருண்டு எழுதுங்க." அவருடைய பயம் நியாயமானது. ஆனால் வீடு சிறியது, நானாவுக்குக் கேட்டுவிட்டது. கட்டிலில் கிடந்தபடியே சொன்னார்: "அத எழுதாட்டி பிறகு நான் யாரு?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற முயற்சிதான்.

*

இவர்களைக் குறிக்க நாம் எத்தனையோ சொற்களை மாற்றிப் பார்த்துவிட்டோம். ஊனமுற்றோர் என்றோம், அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், விசேட தேவையுடையோர் என்றோம். தமிழ்நாட்டில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில் 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் அரசாங்க வழக்குக்கு வந்தது. கடல் கடந்து நம் மேடைகளுக்கும் அது வந்து சேர்ந்தது. நல்ல சொல், மரியாதையான சொல். ஆனால் மேடையில் திறனாளி என்று அழைக்கப்படுகிறவர் அலுவலகத்தின் மேசைக்கு வந்ததும், தனக்குத் திறன் ஏதும் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவராகிறார். ஒரு திறன் வெளியே தெரிந்துவிட்டால் உதவி நின்றுவிடும் என்று பயப்படுகிறார்.

வறுமைக்கு அப்படியல்ல. வறியவர் உழைக்கலாம், உழைத்தும் வறியவராக இருக்கலாம் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். அங்கவீனமுற்றவர் மட்டும் முழுதாக இயலாதவராக இருக்க வேண்டுமென எதிர்பார்க்கிறோம். பாதி இயலும், பாதி இயலாது என்று ஒருவர் சொன்னால் நம் மனம் உடனே இயலும் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, 2016 பெப்ரவரியில் இலங்கை அங்கீகரித்த, அங்கவீனமுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய சமவாயம் இந்த எண்ணத்தைத்தான் திருத்த முயல்கிறது. குறைபாடு உடம்பில் மட்டும் இல்லை, உடம்பும் சமூகம் வைத்திருக்கும் தடைகளும் சேருமிடத்திலேதான் அங்கவீனம் உண்டாகிறது என்பது அதன் கருத்து. நானாவின் கால்கள் அவருடைய உடம்பில் இருக்கின்றன. வீட்டிலிருந்து வீதிக்கு இறங்கும் செங்குத்துப் படிகளை அவர் கட்டவில்லை.

இந்தக் கருத்து புதிதாக வந்ததென்று நாம் நினைக்கத் தேவையில்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் பெரும்பாலும் 'அபஸ' அத்தியாயத்தை வைத்தே நினைவுகூர்கிறோம். அவரைப் பற்றிய வேறொரு செய்தி ஸஹீஹுல் புகாரியிலே ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களின் வாயிலாக வருகிறது. போருக்குப் போனவர்களும் போகாமல் தங்கியவர்களும் சமமாக மாட்டார்கள் என்ற கருத்திலமைந்த இறைவசனம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பார்வையற்ற இந்த ஸஹாபி வந்து, தன்னால் இயலுமானால் தானும் போயிருப்பேனே என்று முறையிட்டார். உடனே, இயலாமை உடையவர்கள் நீங்கலாக என்ற சொற்கள் அந்த வசனத்தில் இறங்கின. சூரா அந்நிஸாவின் 95ஆம் வசனம் அது.

இதை ஒரு மேன்முறையீடு என்று சொல்லத் துணிகிறேன். ஒரு பொதுவிதி தன்னை விட்டுவிட்டது என்று ஒருவர் எழுந்து சொன்னார். விதியிலே விலக்கு இடம்பெற்றது. 'நீ ஏன் குறுக்கிடுகிறாய்' என்று எவரும் கேட்கவில்லை. கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இதே மனிதர்தாம் ரமழானில் ஸுப்ஹுக்கு அதான் சொன்னவர். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் பிரதிநிதியாக நின்றவர். காதிஸிய்யாப் போரிலே கொடி பிடித்து நின்றார் என்றும் வரலாற்று நூல்கள் சொல்லும். 'அதான் சொல்ல முடிந்தவருக்கு ஊரைப் பார்த்துக்கொள்ள முடிந்தவருக்கு இயலாமை எப்படி வந்தது?' என்று யாரும் அவருடைய விலக்கைத் திரும்பப் பெறவில்லை. ஒன்றில் இயலாமையும் இன்னொன்றில் ஆற்றலும் ஒரே மனிதரிடம் இருந்தன. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

நானாவின் கேள்விக்கு முதற் பதில் இங்கே இருக்கிறது. கைபேசி திருத்துவதை எழுதத்தான் வேண்டும்.

*

இனி, கேட்பது பற்றி.

கையேந்துவதை நம் மார்க்கம் வெறுக்கிறது என்பதை வெள்ளிதோறும் கேட்கிறோம். கபீஸா இப்னு முஹாரிக் (ரலி) அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸ் மூன்று பேருக்கு மட்டும் கேட்பதை அனுமதிக்கிறது. பிறருக்காகக் கடன் பொறுப்பேற்றவர், பேரிடரில் பொருளை இழந்தவர், வறுமை பிடித்தவர். இந்த மூன்றாமவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நிபந்தனை வருகிறது. அவருடைய சமூகத்தைச் சேர்ந்த விவேகமுள்ள மூவர், இவருக்கு வறுமை வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

இந்த நிபந்தனையை நாம் வழக்கமாக ஒரு தடையாகவே வாசிக்கிறோம். பொய்யாகக் கேட்பவரைத் தடுக்கும் ஏற்பாடாக அது இருப்பது உண்மைதான். ஆனால் சாட்சி சொல்லும் சுமை எவர் தலையில் வைக்கப்படுகிறது என்று பாருங்கள். வறுமைப்பட்டவர் தன் வாயால் தன்னை உரித்துக் காட்ட வேண்டியதில்லை. அவரை அறிந்த மூவர் எழுந்து பேச வேண்டும். அப்படியானால் அந்த மூவர் அவரை அறிந்திருக்க வேண்டும். அவருடைய அடுப்பு எரிகிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். மூவரும் வாய் திறக்காவிட்டால் குற்றம் யாருடையது?

சூரா அல்பகராவின் 273ஆம் வசனம் இன்னொரு வகை வறியவரைக் காட்டுகிறது. தன்மானத்தால் கேட்காமல் இருப்பவர், அறியாதவன் அவரைச் செல்வந்தர் என்றே நினைத்துக்கொள்வான். விசாரிக்க வந்தவரிடம் 'அல்ஹம்துலில்லாஹ், சும்மா இருக்கல்ல' என்று சொல்பவர் இந்த வகையினர்தாம். எந்தப் படிவமும் இவர்களைப் பிடிப்பதில்லை. படிவம் சொல்லப்பட்டதைத்தான் கேட்கும். சொல்லாததைக் கேட்க அயலாருக்கே காது உண்டு.

உமையாக் கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சிக்காலம் கி.பி. 705–715) குஷ்டரோகிகளுக்குக் கொடுப்பனவு ஏற்படுத்தி அவர்கள் மக்களிடம் இரக்க வேண்டாமென்றார், நடக்க முடியாதவருக்கு ஒரு பணியாளரையும் பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டியையும் நியமித்தார் என்று தபரி எழுதுகிறார். வலீதின் ஆட்சியில் குறைகள் பல உண்டு. ஆனாலும் இந்த ஏற்பாட்டின் பொருளை நாம் கவனிக்கலாம். இரப்பதைத் தடை செய்தவர், இரக்க வேண்டிய தேவையையும் நீக்கினார். ஒன்றைச் செய்யாமல் மற்றதை மட்டும் செய்வது அநியாயம்.

இப்போது நம் ஊர்களுக்கு வருவோம். 2023இல் பட்டியல் ஒட்டப்பட்டபோது பொதுமக்களுக்கு ஒரு வாசல் திறந்துவிடப்பட்டது. அதன் பெயர் ஆட்சேபனை. பட்டியலில் இருக்கும் எவராவது தகுதியற்றவர் என்று நினைத்தால் அயலார் எழுதிக் கொடுக்கலாம். அரச பணம் வீண்போகாதிருக்க அப்படியொரு ஏற்பாடு வேண்டும், அதிற் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அயலாரை அழைத்த அழைப்பு ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான். விடுபட்டவருக்காகச் சாட்சி சொல்ல எவரும் அழைக்கப்படவில்லை. விடுபட்டவர் தானே மேன்முறையீடு செய்துகொள்ள வேண்டும். நாமும் அழைக்கப்படாத இடத்துக்குப் போகவில்லை. கபீஸாவின் ஹதீஸ் அயலாரிடம் எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறு.

சாட்சியத்தை மறைக்காதீர்கள், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்ற கருத்து சூரா அல்பகராவின் 283ஆம் வசனத்தில் வருகிறது. நாம் அதைக் கடன் பத்திரத்தோடும் காணி வழக்கோடும் நிறுத்திக்கொண்டோம். படுக்கையில் கிடக்கும் அயலவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததை, தேவைப்படும் இடத்தில் சொல்லாமல் இருப்பதும் மறைப்பதுதானே?

*

சாட்சி என்று ஒப்புக்கொண்டால் அதற்குரிய ஒழுக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனு எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பத்து சொன்னால்தான் ஐந்து கிடைக்கும் என்று இருபதாக எழுதுவது. ஏழைக்காகச் சொல்லும் பொய் பொய்யல்ல என்ற சமாதானமும் உண்டு. சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் இந்தச் சமாதானத்துக்கு இடம் வைக்கவில்லை. சம்பந்தப்பட்டவர் செல்வந்தராயினும் வறியவராயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு அது கட்டளையிடுகிறது. இரக்கத்தால் வளையும் சாட்சியும் வளைந்த சாட்சிதான்.

இதற்கு உலகியற் காரணமும் இருக்கிறது. இடங்கள் அளவானவை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதோவொரு சிரமம் உடையவர்கள் 16 லட்சம் பேர், நூற்றுக்கு 8.7. 2023இல் அங்கவீனக் கொடுப்பனவுக்கென வகுத்த எண்ணிக்கை 72,000. அந்த 16 லட்சம் பேரும் வறியவர்களல்லர், எல்லோருடைய சிரமமும் கடுமையானதுமல்ல. ஆயினும் ஒருவரின் மிகைப்படுத்தல் இன்னொருவரின் இடத்தைப் பறித்துவிடக்கூடும் என்பது தெளிவு. உத்தியோகத்தர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் இத்தகைய மிகைகளே காரணம். ஒரு கிராம உத்தியோகத்தர் என்னிடம் சொன்னார்: "சேர், எல்லாரும் 'ஒண்டும் ஏலாது'ண்டுதான் எழுதிறாங்க. அப்ப யார நம்புறது?" அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அவரும் சம்பளக்காரர்தான், அவர் தலைக்கு மேலும் கணக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தவறு செய்யாத தீர்ப்பாளர் இல்லை என்பதும் இங்கே சேரும். நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத்தில் வல்லவராக இருக்கலாம், அதைக் கேட்டு நான் தீர்ப்பளித்துவிடக் கூடும் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வாய் வல்லமையால் பிறர் உரிமையைப் பெற்றவர் நெருப்புத் துண்டைப் பெற்றவராவார் என்ற எச்சரிக்கையோடு புகாரியிலும் முஸ்லிமிலும் அது வருகிறது. அவர்களே அப்படிச் சொல்லியிருக்க, ஒரு மேசை உத்தியோகத்தரின் முடிவை மீளப் பாருங்கள் என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. எழுதத் தெரிந்தவன் வெல்கிறான், எழுதத் தெரியாதவன் தோற்கிறான் என்ற ஆபத்தும் அந்த ஹதீஸிலேயே இருக்கிறது.

இந்த ஆபத்தை வேறு நாட்டு நீதிமன்றங்களும் கண்டிருக்கின்றன. 1970இல் கோல்ட்பர்க் எதிர் கெலி என்ற வழக்கில், வறியோருக்கான உதவியை நிறுத்து முன் பெறுபவரின் பேச்சை நேரில் கேட்க வேண்டுமென்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. படிப்பறிவு குறைந்தவர்களை எழுத்து மூலம் மட்டும் முறையிடச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பதும் அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆறு வருடங்கள் கழித்து, 1976இல், ஜோர்ஜ் எல்ட்ரிட்ஜ் என்பவரின் அங்கவீனக் கொடுப்பனவு நிறுத்தப்பட்ட வழக்கில் அதே நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பியது. அங்கவீனம் மருத்துவ அறிக்கைகளால் தீர்மானிக்கப்படுவது, நிறுத்து முன் கடதாசியே போதும், நேர் விசாரணை பிறகு நடக்கலாம் என்றது. கொடுப்பனவு நின்றபின் எல்ட்ரிட்ஜின் வீடு கடனுக்குப் போனது, தளபாடங்களைத் தூக்கிச் சென்றார்கள், அவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கட்டிலில் உறங்க நேர்ந்தது என்பதை மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் பிரென்னன் குறித்து வைத்தார்.

பிரித்தானியாவிலும் அங்கவீனக் கொடுப்பனவு மறுக்கப்பட்டு நியாயசபை விசாரணை வரை போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பல ஆண்டுகளாக வென்றிருக்கிறார்கள். முதலில் மறுத்ததும் கடதாசிதான், பிறகு கொடுத்ததும் கடதாசிதான். இடையில் மனிதரை மனிதர் கேட்கும் சந்தர்ப்பம் வந்தது.

*

மறுப்பவர் மறுக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. அதுதான் காரணம். பணம் இல்லாமலிருக்கலாம், காரணம் இல்லாமலிருக்க முடியாது. 'உனக்குத் தேவையில்லை' என்பதும் 'எங்களிடம் இல்லை' என்பதும் ஒன்றல்ல. முதலாவது கேட்டவரைப் பொய்யராக்குகிறது. இரண்டாவது திறைசேரியின் நிலைமையைச் சொல்கிறது. காரணமில்லாத மறுப்பு இரண்டில் எதுவென்று தெரியாமல் ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதாகிறது.

நம் நாட்டுச் சட்டம் இதில் நம்மைக் கைவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 35ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்துக்கான காரணத்தை, கேட்கப்படும்போது அதிகாரி வெளிப்படுத்தியாக வேண்டும். தகவல் கேட்பவர் தனக்கு அது எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், பிறகு ஆணைக்குழுவிடமும் போகலாம். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தாமே மனுதாரராக நின்ற வழக்கில், பொதுக் கட்டடங்கள் அங்கவீனமுற்றோர் அணுகத்தக்கனவாக அமைய வேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. இவையெல்லாம் கடதாசியில் இருக்கின்றன. கடதாசியிலிருந்து இவற்றை எடுத்து மேசையில் வைக்க ஒரு கை வேண்டும்.

நானாவின் மேன்முறையீட்டை இப்படித்தான் எழுதினோம். அவர் கைபேசி திருத்துகிறார் என்பது முதற் பந்தியிலேயே வந்தது. ஒரு மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கிடைத்தது, முதுகுப் புண்ணால் எத்தனை நாள் பலகையை ஒதுக்கினார், ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு ஓட்டோவுக்கு எவ்வளவு, தூக்குபவர்கள் எத்தனை பேர் என்று மூன்று மாதக் கணக்கை அவரே கொப்பியிற் குறித்து வைத்தார். அதை அப்படியே இணைத்தோம். மிகையாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தவர் ஒருவரும், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒருவரும், நானுமாக மூவர் அடியில் ஒப்பமிட்டோம். கூடவே காரணம் கேட்டுத் தகவல் விண்ணப்பமும் தமிழிலேயே போட்டோம்.

காரணம் வந்தது. 'சுயதொழில் மூலம் நிரந்தர வருமானம் உடையவர்' என்று பதிவாகியிருந்ததாம். மீண்டும் ஒருவர் வந்து பார்த்தார். கொப்பியைப் புரட்டினார், நானாவின் முதுகைப் பார்த்தார். 2025இன் நடுப்பகுதியில் கொடுப்பனவு தொடங்கியது. இடையிற் போன மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. அதையும் கேட்டு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. கெடக்கிறது கெடக்கட்டும், ஏன் தரல்லண்டு சொல்லட்டும்" என்றார். பணத்தைவிடப் பதிலை எதிர்பார்க்கும் அந்தத் தொனியில் இரப்பவரின் குரல் இல்லை.

*

மேன்முறையீடு இரத்தலா, உரிமையா என்று தொடங்கினேன். உரிமைதான். ஆனால் தனியாளாக நின்று கேட்கும்போது, உரிமைகூட இரத்தல் போலவே தோற்றமளிக்கிறது. அருகில் மூவர் நின்றால் அதே சொற்கள் சாட்சியமாகின்றன.

நம் ஊர்களில் ஜனாஸாவுக்கு ஒரு குழு இருக்கிறது. ஸகாத்துக்கு ஒரு குழு இருக்கிறது. கந்தூரி நடந்த காலத்தில் அதற்கும் ஒரு குழு இருந்தது. படுக்கையில் கிடப்பவருக்காகச் சாட்சி சொல்ல ஒரு குழு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், கணக்கெழுதத் தெரிந்த ஒருவர், வீட்டுக்குள் போய்ப் பெண்களோடு பேசக்கூடிய ஒரு பெண்மணி, இவ்வளவும் போதும். முஸ்லிம் வீடு என்றில்லாமல் தோட்டத்து லயத்துக்கும் சிங்கள அயலவரின் வீட்டுக்கும் அவர்கள் போக வேண்டும். கேட்டு வருகிறவருக்காக மட்டும் காத்திராமல், கேட்க வெட்கப்படுகிறவரின் கதவையும் தட்ட வேண்டும். அங்கே என்னென்ன இயலும், என்னென்ன இயலாது என்று இரண்டையும் கேட்டு, இரண்டையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு வரும்போது அந்தக் கொப்பி நம் கையில் இருக்க வேண்டும்.